கூழாங்கல்லுக்குக் கீழே ஒரு தலைமுறை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால், கனடாவின் வான்கூவர் தீவில் ஓடும் கேம்ப்பெல் ஆற்றுக்கு இரண்டு கூட்டங்கள் வந்து சேர்கின்றன. ஒரு கூட்டம் மார்புவரை ஏறும் ரப்பர் காலுடை அணிந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசுகிறது. இன்னொரு கூட்டம் தடித்த நீச்சலுடை, முகக்கண்ணாடி, மூச்சுக்குழாய் சகிதம் குப்புற மிதந்தபடி ஆற்றின் போக்கிலேயே கீழே வருகிறது. இருவருமே சால்மன் மீனுக்காக வந்தவர்கள். பிடிக்க வந்தவருக்கும் பார்க்க வந்தவருக்கும் ஒரே மடுவில்தான் வேலை.

கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படுவது நீரின் பளபளப்பும், எப்போதாவது துள்ளும் ஒரு மீனும்தான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த கணத்தில் கதை மாறிவிடுகிறது. ஆற்றின் மேற்பகுதியில் ஏரிகள் இருப்பதால் வண்டல் அங்கேயே படிந்துவிடும்; கீழே வருவது கண்ணாடி போன்ற நீர். அந்தத் தெளிவில், மடுவின் வாயில் நூற்றுக்கணக்கான பிங்க் சால்மன்கள் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து வரிசை பிடித்து நிற்கின்றன. கடலில் வெள்ளியாக இருந்த ஆண்மீனின் முதுகில் திமில் எழும்பியிருக்கிறது, தாடை வளைந்து பல் வெளியே தெரிகிறது. கோஹோ சால்மன் ஆணின் விலா சிவந்து கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி, ஒரு பாறையின் நிழலில், மனிதக் கால் நீளமுள்ள சினூக் சால்மன் ஒன்று வாலை லேசாக அசைத்தபடி நிலைகொண்டிருக்கும். பாறைக்குப் பின்னால் ஓட்டம் தளர்ந்திருக்கும் அந்த ஒரு முழ இடத்தைக் கண்டுபிடித்து நிற்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு சால்மன் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பையும் தசையையும் எரித்துத்தான் மேலே போகவேண்டும், குழி பறிக்கவேண்டும், முட்டையிடவேண்டும். துரத்தப்பட்டு ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அந்தக் கையிருப்பிலிருந்து போகிற செலவு.

மிதந்து வருபவரை மீன்கள் நேருக்கு நேராகப் பார்க்கின்றன. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டு, ஆள் கடந்ததும் பின்னால் மறுபடி கூடிக்கொள்கிறது. கையை அடிக்காமல், காலை உதைக்காமல், வெறுமனே மிதப்பவருக்குத்தான் இந்த மரியாதை. நீந்தத் தொடங்கினால் மடுவே கலைந்துபோகும்.

இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே உடம்பில் இருந்ததுண்டு. ரோடரிக் ஹெய்க்-பிரவுன் 1908-இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் பிறந்தவர். கேம்ப்பெல் ஆற்றங்கரையில் குடியேறி, அவ்வூரின் மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே மீன்பிடிப்பு பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றார். அந்த எழுத்தாளர் ஒருகட்டத்தில் தூண்டிலைக் கரையில் வைத்துவிட்டு, முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு தான் மீன் பிடித்த அதே மடுக்களுக்குள் இறங்கினார். 1964-இல் வந்த அவருடைய 'ஃபிஷர்மேன்ஸ் ஃபால்' நூலில் அந்த அனுபவங்கள் இருக்கின்றன. 1950-களில் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள பட்டில் ஏரியை அணை விழுங்காமல் காக்கவேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். 1976-இல் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த தூண்டில்காரர்கள் அவருடைய தூண்டிலை ஆசையாக எடுத்துக்கொண்ட அளவுக்கு அந்த முகக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம். வருடத்தில் ஒரு நாளாவது தலையைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்த மீன்பிடிகாரர் அதே ஆற்றில் முன்போல நிற்கமாட்டார்.

இரு தரப்புக்கும் உரசல் இல்லாமல் இல்லை. பொறுமையாக நின்று வீசிக்கொண்டிருக்கும் இடத்தின் நடுவே நாலைந்து பேர் மிதந்து போனால் மீன் கலையும், மனசும் கலையும். மிதப்பவருக்கோ கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நரம்பும், அதன் நுனியில் ஆடும் முள்ளும் பயம். ஆற்றோடு பழகியவர்களிடம் இதற்கு எழுதாத முறை இருக்கிறது. தூரத்திலேயே குரல் கொடுப்பது; தூண்டில்காரர் வீசும் நீரை விட்டு எதிர்க்கரையோரமாக, அல்லது அவருடைய முதுகுப் பக்கமாகக் கடப்பது; அவர் நரம்பைச் சுருட்டும்வரை காத்திருப்பது. பதிலுக்கு அவரும் இரண்டு நிமிடம் வீசாமல் நிற்பார். இவ்வளவுதான் தேவை, பெரும்பாலான நாட்களில் இது நடக்கவும் செய்கிறது.

தண்ணீருக்கு மேலே தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. பிங்க் சால்மன் நெரிசலாக நிற்கும் இடத்தில் வீசிய முள் வாயில் மட்டும் ஏறுவதில்லை. முதுகுத்துடுப்பில் ஏறும், வயிற்றில் ஏறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டில்தான் சட்டம். உடம்பில் மாட்டிய மீனை விட்டுவிடவேண்டும் என்பதும் சட்டம். நரம்பு அறுந்துபோன மீனுக்கு எந்தச் சட்டமும் எட்டாது. துடுப்பில் வண்ண இறகு கட்டிய முள் தொங்க எதிர்நீச்சல் போடும் மீனைக் கரையிலிருந்து காணமுடியாது. உள்ளே மிதப்பவர்தான் காண்பார்.

ஆனால் மேலே நடக்கும் இந்த வழக்கையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை இரண்டு கூட்டத்தாரின் காலடியில் இருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் பிங்க் முட்டையிடத் தொடங்கும். அதையடுத்து சினூக், பிறகு கோஹோ. பெண்மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் படுகையை அறைகிறது. கற்களை அது தொடுவதுகூட இல்லை என்று சொல்லலாம். வால் எழுப்பும் உறிஞ்சலில் கூழாங்கல் எழும்ப, ஓட்டம் அதை வாரிக்கொண்டு போய்க் கீழே போடுகிறது. பள்ளம் ஆனதும் சினையும் ஆண்மீனின் விந்தும் ஒரே நொடியில் விழுகின்றன. உடனே பெண்மீன் ஓரடி மேலே நகர்ந்து அடுத்த பள்ளம் பறிக்க, அந்தக் கற்கள் முதல் பள்ளத்தை மூடுகின்றன. ஒரு பிங்க் பெண்மீனிடம் ஆயிரத்து ஐநூறுக்கு மேல் முட்டை இருக்கும், சினூக்கிடம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பெற்றோர் இருவரும் சில நாட்களில் செத்துவிடுவார்கள்.

ஆக, முட்டை இருப்பது கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தில் இல்லை. அதற்கு ஓட்டத்தின் கீழ்ப்புறம், மேடாகக் குவிந்திருக்கும் சுத்தமான கூழாங்கல்லுக்கு அடியில். ஆற்றில் இறங்கும் நல்ல மனிதர் பள்ளத்தைப் பார்த்து, 'இங்கே கூடு இருக்கிறது' என்று ஒதுங்கி, கால் வைக்க வாகாக இருக்கும் அந்த மேட்டின்மேல் ஏறி நிற்கிறார். பாசி படிந்த கறுத்த படுகையில் அந்த இடம் மட்டும் வெளுத்து, வழுக்காமல் இருப்பதால் கால் தானாகவே அங்கே போகிறது.

மிதித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் டிரௌட் மீன்களின் முட்டைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1992-இல் வெளியானது. முட்டை வளரும் காலம் முழுவதும் நாளுக்கு இரண்டு முறை மிதிக்கப்பட்ட கூடுகளில் முட்டையும் குஞ்சும் 96 சதவீதம் வரை அழிந்தன. பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒரு முறை மிதித்ததில் மட்டும் 43 சதவீதம் வரை போயிற்று. சினூக் தன் முட்டையை டிரௌட்டைவிட ஆழத்தில் புதைக்கிறது, சேதம் அந்த அளவுக்கு இருக்காது என்று வாதிடலாம். பிங்க் விஷயத்தில் அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. மீன்குஞ்சுப் பண்ணைகளில் வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும்: கருவுற்ற சில மணி நேரத்துக்குப் பிறகு, முட்டைக்குள் கருப்புப் புள்ளியாகக் கண் தெரியும்வரை, முட்டைத் தட்டை அசைக்கக்கூட மாட்டார்கள். அதிர்ச்சி தாங்காது. அதே பருவத்தில்தான் ஆற்றில் எழுபது எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் கூழாங்கல் திட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்.

காலக்கணக்கும் பலருக்குப் பிடிபடுவதில்லை. முட்டை பொரிவதைத் தேதி தீர்மானிப்பதில்லை, நீரின் சூடு தீர்மானிக்கிறது. சினூக் முட்டைக்கு அன்றாட வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய 500 வரவேண்டும். நீர் 10 டிகிரி இருந்தால் ஐம்பது நாள், 5 டிகிரி என்றால் நூறு நாள். பொரித்த குஞ்சும் உடனே வெளியே வராது. வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருப் பையைத் தின்று தீர்க்கும்வரை கல்லிடுக்கிலேயே கிடக்கும். அது நீந்தி மேலே வரும்போது மார்ச், ஏப்ரல், சில சமயம் மே ஆகியிருக்கும். நவம்பரில் செத்த மீன்களைக் கழுகும் கடற்காகமும் தின்று முடித்தபின், ஆறு காலி என்று நினைத்து இறங்குபவர் அந்த ஆண்டின் ஒட்டுமொத்தத் தலைமுறையின் மேல் நடக்கிறார்.

எந்த ஆற்றிலும் இது கவலைதான். கேம்ப்பெலில் இரட்டிப்புக் கவலை. 25 மீட்டர் உயர எல்க் அருவியைத் தாண்டி சால்மன் ஏறமுடியாது. கடலிலிருந்து அருவி வரை சுமார் ஐந்து கிலோமீட்டர்தான் முக்கிய ஆற்றில் அவற்றுக்கு மிச்சம். மேலே அணைகள். 1947-இல் வந்த ஜான் ஹார்ட் அணைதான் முதலாவது. மலையிலிருந்து உருண்டு வரவேண்டிய கூழாங்கல் அணைகளுக்குப் பின்னால் தங்கிவிடுகிறது, வெள்ளம் இருந்ததையும் அரித்துக்கொண்டு போகிறது. முட்டையிட ஏற்ற கல் இல்லாமல், வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிப் படுகை அமைக்கவேண்டி வந்தது. அப்படிக் காசு கொடுத்துப் போட்ட கல்லின் மேல்தான் மனிதர்கள் நடந்து ஆற்றைக் கடக்கிறார்கள்.

இதை எட்டாத தேசத்துக் கதை என்று ஒதுக்கவேண்டியதில்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோவில், நம் மக்கள் அடர்ந்து வாழும் பகுதிகளின் நடுவே ஓடும் ஹைலேண்ட் ஓடையில் செப்டம்பர், அக்டோபரில் சினூக் ஏறுகிறது. ஒன்டாரியோ ஏரிக்கே உரிய அட்லாண்டிக் சால்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அங்கே அழிந்துபோனது. இப்போது வருவது மனிதர் கொண்டுவந்து விட்ட பசிபிக் இனம். வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகும் குடும்பங்கள் பாலத்திலிருந்தோ கரையிலிருந்தோ பார்க்கட்டும். அரையடித் தண்ணீர்தானே என்று பிள்ளையை இறக்கிவிடும் இடம் பெரும்பாலும் மீன் பறித்துப் போட்ட மேடாகத்தான் இருக்கும்.

தூண்டில்காரர்கள் சொல்லும் நியாயமும் உண்டு: உரிமக் கட்டணம் கட்டுவது அவர்கள், அணைகளுக்கு எதிராகக் குரல் கொடுத்ததிலும் அவர்கள் முன்னே நின்றார்கள். அதை மறுக்கவில்லை. லைக்வில்டாக் பூர்வகுடியினரின் மீன்பிடி உரிமையோ இந்த இரு கூட்டத்தாரும் வருவதற்கு வெகுகாலம் முந்தியது. அவர்களைக் கேட்காமல் எழுதும் எந்த விதியும் நிற்காது.

நான் கேட்பது சின்ன விதி. செப்டம்பர் கடைசியிலிருந்து மே வரை கூழாங்கல் திட்டுகளில் யாரும் கால் வைக்கக்கூடாது; இறங்கவும் ஏறவும் பெரும்பாறை உள்ள இடங்களைக் கரையில் பலகை வைத்துக் காட்டவேண்டும். கூடுகள் எங்கே என்பது கண்டுபிடிக்கமுடியாத ரகசியம் இல்லை. வான்கூவர் தீவின் ஆறுகளில் ஆய்வுக்காக நீச்சல்காரர்கள் அருகருகே மிதந்து மீன்களை எண்ணுவது வழக்கமான வேலை. அவர்கள் கையிலேயே ஒரு வரைபடத்தைக் கொடுத்துக் கூடுகளைக் குறிக்கச் சொல்லலாம். மிதந்து பார்க்கும் சுற்றுலாவுக்கு இதனால் பெரிய இழப்பு கிடையாது, அந்தக் கூட்டம் வருவது கோடையில்தான். இழப்பு குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க ஆற்றுக்குள் இறங்கி நிற்பவர்களுக்கு. அவர்கள் அந்த மாதங்களில் கரையில் நின்றோ படகில் இருந்தோ வீசவேண்டியிருக்கும். எட்டாத சில மடுக்களை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும்.