கொப்பியும் கணினியும்

மீளக்குடியமர்ந்த கிராமமொன்றின் மாதர் சங்கத்துக்காக, சேமிப்பு, கடன் கணக்கு எழுதும் சிறிய மென்பொருளொன்றைப் பைதன் மொழியில் நானே எழுதினேன். என் மடிக்கணினியில் நன்றாக ஓடியது. சங்கக் கணினியில் பைதன் இல்லாததால் திறக்கவே இல்லை. "தங்கச்சி, நீங்கள் வராட்டி எங்கட கணக்கை நாங்கள் பார்க்கேலாதோ?" என்று பொருளாளர் அக்கா கேட்டார். வெட்கமாகிவிட்டது.

பைஇன்ஸ்டாலர் என்னும் இலவச மென்பொருள், பைதனையும் நாம் எழுதியதையும் சேர்த்துக் கட்டித் தருகிறது. அதை இன்னோ செட்டப் மூலம் ஒரே நிறுவற் கோப்பாக்கினேன். இரண்டு முறை சொடுக்கினால் போதும்.

ஆனால் பெரிய பிழையொன்று விட்டேன். கணக்குக் கோப்பையும் அந்தக் கட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். திருத்திய பதிப்பை நிறுவியதும் வெற்றுக் கோப்பு பழையதை மூடிவிட்டது. மூன்று மாதப் பதிவு போய்விட்டது. அது அந்தப் பெண்கள் கூலிவேலை செய்து சேர்த்த காசின் கணக்கு. நல்லகாலம், அக்கா என்னை முழுதாக நம்பாமல் கொப்பியிலும் எழுதி வந்திருந்தார்! இப்போது கணக்கு ஆவணக் கோப்புறையில் தனியே இருக்கிறது. மென்பொருளை அகற்றினாலும் அழியாது.

நிறுவும்போது, வெளியிட்டவர் யாரென்று தெரியாது என விண்டோஸ் எச்சரிக்கும். காசு கட்டிப் பெறும் கையொப்பச் சான்றிதழ் என்னிடம் இல்லை. "நான் கையில் தந்ததுக்கு மட்டும் 'ஆம்' அழுத்துங்கோ, வேறு எதுக்கும் வேண்டாம்" என்று சொல்லி வைத்தேன்.

போன மாதம் பக்கத்துச் சங்கத்தின் கணினியில் அக்காவே அதை நிறுவிக் கொடுத்தாராம். கொப்பியையும் விடவேண்டாம் என்றாராம்.