ஒரே மா, இரண்டு பண்டம்

யூலை 16 அல்லது 17இல் ஆடி பிறக்கும். ஈழத்தின் பண்டத்தரிப்புப் பக்கம் சோளகக் காற்று பனைகளை உலுப்பும் காலம். அன்றைக்கு வீடுகளில் கொழுக்கட்டையும் ஆடிக்கூழும் இருக்க வேண்டும்.

பண்டத்தரிப்புக்குத் தெற்கே, நவாலியில் வாழ்ந்த சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்களுக்காகப் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டை ஈழத்தில் அறியாதவர் குறைவு. நான் அதைப் பிசகில்லாத சமையற்குறிப்பாகவும் படிக்கிறேன். கொழுக்கட்டை மாவை முதலில் வறுத்து, பிறகே தண்ணீரில் குழைக்கும் ஒழுங்குகூட அதில் தவறவில்லை.

கோதுமை மாவில் பசையம் என்ற புரதம் உண்டு. பச்சைத்தண்ணீர் விட்டுப் பிசைந்தாலே அது வலைபோல் பின்னி மாவை இழுபட வைக்கும். கொழுக்கட்டைக்கு எடுக்கும் அரிசிமாவில் அது இல்லை. பச்சைத்தண்ணீரில் குழைத்துத் தட்டினால் விரிந்து வெடிக்கும். அதனால்தான் கொதிதண்ணீர். ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் அரிசியின் மாப்பொருள் மணிகள் தண்ணீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகின்றன. அந்தப் பசைதான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. கை பொறுக்காத சூடு என்பதால் அகப்பைக் காம்பால் கிண்டி, பிறகு கையால் குழைக்கிறார்கள். ஆறிய தண்ணீரை விட்டவரின் கொழுக்கட்டை அவியும்போதே வாய் பிளந்துவிடும்.

உள்ளே வைப்பது வறுத்துக் குத்திக் கோது நீக்கி அவித்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை. சர்க்கரை தேங்காய்ப்பூவின் ஈரத்தை இழுத்துப் பாகாகக் கசியும். பயறு அந்தக் கசிவைக் குடித்துக்கொள்ளும். பயற்றைக் குழைய அவித்துவிட்டால் அதற்கு அந்தச் சக்தி இராது. பிறகு பிறைபோல மடித்து விளிம்பை நுள்ளி நுள்ளிப் பல்வரிசை வைப்பார்கள். பார்க்க அழகு; வாயும் இறுக மூடிக்கொள்ளும். நீத்துப்பெட்டியில் வைத்து அவிக்க வேண்டியதுதான்.

கூழுக்கோ எல்லாம் தலைகீழ். அங்கே மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். உலர்ந்த மாவைக் கொதிப்பில் கொட்டினால் கட்டியின் வெளிப்புறம் உடனே பசையாகி மூடிவிடும். உள்ளே தண்ணீர் போக வழியில்லாமல் மா பச்சையாகவே கிடக்கும். கரைத்து வார்த்துக் கைவிடாமல் துழாவினால் ஒவ்வொரு மணியும் தனித்தனியே வீங்கிக் கூழ் ஒரே சீராகத் தடிக்கும். பயறும் தேங்காய்ச் சொட்டும் அதில் வேகும். தேங்காயின் தடித்த முதற்பால் கடைசியில்தான். நெடுநேரம் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும்.

இனிப்புக்குப் பனங்கட்டி. சீனி போட்ட கூழை ஆடிக்கூழ் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பனம்பாளையிலிருந்து வடியும் சாறு சும்மா விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நுண்ணுயிர்கள் பெருகுவது தடைப்பட்டு, சாறு கருப்பணியாக இனித்தபடி இருக்கும். அதைக் காய்ச்சி இறுக்கி ஓலைக் குட்டானில் வார்க்கிறார்கள். காய்ச்சும்போது ஏறும் நிறமும் மணமும் வெள்ளைச் சீனிக்கு ஏது?

பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் கூழை வார்த்துக் குடிப்பது பழைய வழக்கம்.

மிஞ்சிய கொழுக்கட்டை மறுநாள் விறைத்திருக்கும். அது பழுதல்ல. ஆறும்போது மாப்பொருள் இழைகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. மீண்டும் நீத்துப்பெட்டியில் வைத்து ஆவி காட்டினால் அந்த அடுக்கு குலைந்து தோல் மெதுமையாகும். காலைத் தேநீருக்கு அது போதும்.