பழைய புல்லட்டும் பின் ஸீட்டும்

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் நடந்து போனால், ரேழியில் பழைய போர்வை போர்த்தி ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் வீடுகளை இன்னமும் பார்க்கலாம். போர்வையை விலக்கினால் உள்ளே அநேகமாக மாமனார் காலத்துப் புல்லட். 'விற்றுத் தொலையுங்களேன், இடமாவது மிச்சமாகும்' என்று பெண்கள் சொல்வதும், 'அப்பா வாங்கின வண்டி' என்று ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் வழக்கம்தான். எங்கள் வீட்டிலும் அதே கதை. 1984-ல் வாங்கிய வண்டி. நாற்பது வயதைத் தாண்டிவிட்டது.

வண்டி விவகாரம் ஆண்களுடையது என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் பின் ஸீட்டில் உட்காருவது யார்? நாம்தானே! மடியில் குழந்தை வேறு. ஆசை அவர்களுடையதாக இருக்கட்டும். பத்திரம் நம் இரண்டு பேருடையது. அதனால்தான் இந்த விஷயத்தை நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

ஏன் இந்தப் பிடிப்பு?

புல்லட் முதலில் இங்கிலாந்துச் சரக்கு. நம் ராணுவத்துக்குப் பிடித்துப்போகவே, 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கி, திருவொற்றியூரில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். தாய்க் கம்பெனி அங்கே மூடிப்போன பிறகும் இங்கே புல்லட் நிற்கவில்லை. தார் ரோடானாலும் சரி, கொள்ளிடக் கரை மண் பாதையானாலும் சரி, அசராமல் போகும். முக்கியமாக, உள்ளே இருப்பது எல்லாம் கழற்றிப் பார்த்து, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டக்கூடிய சாமான்கள். வெண்கலப் பாத்திரம் மாதிரி. பழசானால் ஈயம் பூசிக்கொள்ளலாம், தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆண்களின் பிடிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஈயம் போன பாத்திரத்தில் ரசம் வைப்போமா? போன வருஷம் பேரனையும் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் இறங்கி வரும்போது, மாம்பழச்சாலை சிக்னலில் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முன்னால் இருந்த ஆட்டோவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பிரேக் லைனிங் தேய்ந்து போயிருந்தது. அன்றைக்கே சொல்லிவிட்டேன்: "ஏன்னா, விக்க வேண்டாம். ஆனா பிரேக் சரியாகிற வரைக்கும் நானும் ஏற மாட்டேன், குழந்தையையும் ஏத்த மாட்டேன்." ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு முன்னும் பின்னும் பிரேக் ஷூ மாற்றினார்.

கிளம்பும் முன் ஐந்து நிமிஷம்

எங்கள் மெக்கானிக் பாய் சொல்லுவார்: "மாமி, ஓட்டுற வண்டி கெடாது. நிறுத்தி வைச்சாத்தான் கெடும்." உண்மைதான். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் டாங்கின் உள்ளே துரு பிடிக்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய், வாஷர்களும் சீக்கிரம் வெடிக்கும். வாரம் ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும். பெட்ரோல் குழாயை விரலால் தடவிப் பார்த்து, வெடிப்போ கசிவோ தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டென்று நிற்க வேண்டும். கேபிள் முனையில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் புதிது போடவேண்டியதுதான். டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா, செயின் தொங்குகிறதா, எஞ்சினுக்கு அடியில் புதிதாக எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் வேண்டாம். தினமும் கோலம் போடுகிற நம் கண்ணே போதும்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டிகளில் இது நேர் எதிர். புது வண்டி ஓட்டிப் பழகிய பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லி, காலி இடத்தில் பழகவிடுங்கள். கிக்கரையும் கண்டபடி உதைக்கக் கூடாது. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக அழுத்தி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, பிறகு லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் முழுசாக மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்காலும் கணுக்காலும் போய்விடும்.

ரேழியில் நிறுத்துகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராத்திரி பெட்ரோல் டேப்பை மூடிவிட வேண்டும். பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ கூடாது. வண்டியை உள்ளேயே ஸ்டார்ட் செய்து உறுமவிடவும் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய இடத்தில் ஆளையே கொல்லும். வாசலுக்குத் தள்ளி வந்து கிளப்பட்டும்.

புடவையும் குழந்தையும்

பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அழகுக்காக 'சாரி கார்டை'க் கழற்றும் பிள்ளைகளிடம் கண்டிப்பாக இருங்கள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்ட பிறகுதான் 'போகலாம்' என்று சொல்ல வேண்டும்.

ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, நமக்கும் உண்டு. 2023 பிப்ரவரி முதல், ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

புல்லட்டின் ஸைலென்ஸர் வலப்பக்கம். குழந்தைகளை எப்போதும் இடப்பக்கமாகவே இறக்குங்கள். காலில் சுட்டுவிட்டால் உடனே கொலுசைக் கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி, கொப்புளம் கண்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எப்போது விடை கொடுப்பது?

பதிவு ஆகி 15 வருஷம் முடிந்தால், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் வீட்டிலும் ஒரு கணக்குப் பாருங்கள். சட்டத்தில் விரிசல் கண்டாலோ, 160 கிலோவுக்கு மேல் கனமான வண்டியை ஸ்டாண்டு போட அவருக்கு இடுப்பு இடம் கொடுக்காவிட்டாலோ, பிரியத்தை மனசில் வைத்துக்கொண்டு வண்டியை நல்ல கையில் ஒப்படைப்பதுதான் மரியாதை.

அதுவரை ஓடட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் துணியும் எண்ணெய்க் கிண்ணமுமாக உட்காரும்போது, காபியைக் கொடுத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் ஒரு மணை போட்டு உட்காருங்கள். 'இது என்ன, அது என்ன' என்று கேளுங்கள். அவருக்கும் சந்தோஷம், நமக்கும் நாளைக்குப் பின் ஸீட்டில் நிம்மதி!