அம்மையைக் கணக்கெடுத்த டாக்டர்



வீட்டில் அம்மை போட்டால் "ஆத்தா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை சொருகுகிறோம். நம் பாட்டிமார் நடுங்கிய பெரியம்மை இன்று உலகிலேயே இல்லை. எப்படிப் போச்சு தெரியுமா?

1960-களில் சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ.ஆர். ராவ் பெரியம்மை நோயாளிகளைக் கவனித்தார். நாம் குழுக் கணக்கு எழுதுவது போல, சுமார் 7,000 பேரின் விவரத்தைத் திரட்டி 1972-ல் புத்தகமாக்கினார். அதில் தெரிந்தவை:

* அம்மை குத்தாதவர்களில் 100-க்கு 36 பேர் இறந்தார்கள். குத்திக்கொண்டவர்களில் 6 பேர்தான்.
* கர்ப்பிணிகளுக்கு நோய் மிகக் கடுமையாக இருந்தது.
* கொப்புளம் கண்ட பிறகுதான் நோய் மற்றவருக்கு ஒட்டியது.

அப்படியென்றால், நோயாளியை உடனே தனியே வைத்து, சுற்றியிருப்பவர்களுக்கு அம்மை குத்தினால் போதும், நோய் அங்கேயே நின்றுவிடும். 1970-களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் தேடி இதைத்தான் செய்தார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-ல் உலகமே விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இப்போது நம் தெள்ளார் பக்கம் வருவது சின்னம்மை, தட்டம்மை. இவை வேறு கிருமிகள். உடம்பில் தெரியும் முன்பே ஒட்டிவிடும். தறி வீட்டில் எல்லாரும் ஒரே அறையில்தானே இருக்கிறோம்! வேப்பிலை இருக்கட்டும். ஆனா மறைக்காதீங்க. அன்றைக்கே கிராம சுகாதார நர்ஸிடம் சொல்லுங்க. கர்ப்பிணியை நோயாளி பக்கம் விடாதீங்க. குழந்தைக்கு 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் தட்டம்மை ஊசி தவறாமல் போடுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்.