கருவி இருதயத்தில், கேடு சிறுநீரகத்தில்

மலைக்கோட்டையின் நானூற்றுக்கு மேற்பட்ட படிகளை இளைப்பின்றி ஏறி இறங்குவது தேக ஆரோக்கியத்துக்கு ஓர் அத்தாட்சி என்று நமது நகரத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இருதயத் துடிப்பு மந்தப்பட்டவர்களுக்கு ஒரு காலத்தில் அந்தப் பாக்கியம் இல்லை. படியேறுவது கிடக்க, உயிரோடிருப்பதே நிச்சயமில்லாதிருந்தது. 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஸ்வீடன் தேசத்தில் ஓகே சென்னிங் என்ற ரண வைத்தியர், ரூனே எல்ம்க்விஸ்ட் என்பவர் அமைத்துக் கொடுத்த 'பேஸ்மேக்கர்' என்னும் மின்கருவியை முதன்முதலாக ஒரு மனிதருடைய உடலுக்குள் வைத்தார். முதலில் வைத்த கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் அதைப் பெற்ற ஆர்னே லார்சன், ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கு மேற்பட்ட கருவிகளின் துணையால் 2001-ஆம் ஆண்டு வரை ஜீவித்திருந்தார்.

அன்று அந்நிய நாட்டு விந்தையாயிருந்த அக்கருவி இன்று திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் வயது முதிர்ந்தோர் பலருடைய தோளெலும்புக்குக் கீழே அமைதியாக வேலை செய்து வருகிறது. பழுதான வால்வுக்குப் பதிலாகச் செயற்கை வால்வு பெற்றவர்களும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தானும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய சுதேசி வால்வு 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டதை நாம் பெருமையுடன் நினைக்கிறோம். இப்பெருமையோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்து வர வேண்டும். இருதயத்தில் வைத்த கருவியைக் கிருமி பற்றினால், அதன் அடையாளம் சில சமயம் இருதயத்தில் தோன்றாமல் சிறுநீரகத்தில் தோன்றுகிறது. நோயாளியோ தம் மார்பில் கருவி இருப்பதைச் சொல்ல நினைப்பதில்லை; கேட்பவர்களும் சில வேளை கேட்பதில்லை. ஆபத்து இந்த மறதியில்தான் இருக்கிறது.

இது நிகழும் விதத்தை நேயர்கள் அறிதல் நலம். பேஸ்மேக்கரின் பெட்டி தோலுக்கு அடியில் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் கம்பிகள் பெரிய ரத்தக் குழாயின் வழியே இருதயத்தின் வலப்புற அறைகளை அடைகின்றன. தோலில் வாழும் ஸ்டாபிலோகாக்கஸ் இனக் கிருமிகள் ரண சிகிச்சையின்போதோ, பின்னர் பெட்டியை மாற்றும்போதோ, உடலின் வேறொரு புண்ணிலிருந்து ரத்தத்தின் வழியாகவோ கருவியைச் சென்றடையலாம். அங்கே அவை கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஓர் உறையை அமைத்துக்கொள்கின்றன. ஸ்ரீரங்கத்துக் கோயிலுக்கு ஏழு திருமதில்கள் உண்டு. மதிலுக்குள் புகுந்த திருடன் தானும் ஒரு மதில் கட்டிக்கொண்டால் காவலர் என் செய்வர்? அதுபோலவே மருந்தும், உடலின் இயற்கைக் காவலும் அந்த உறையை எளிதில் ஊடுருவ மாட்டா.

சிறுநீரகம் கெடும் வழிகள் மூன்று. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் கிருமியின் துணுக்குகளோடு பிணைந்து, ரத்தத்தில் மிதந்து சென்று, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் தங்கி அழற்சியை விளைப்பது ஒன்று. இருதயத்தின் இடப்புற வால்வைக் கிருமி பற்றியிருந்தால், அங்கு வளரும் கட்டியிலிருந்து துண்டுகள் பிய்ந்து சென்று சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களை அடைப்பது மற்றொன்று. நோயைத் தீர்க்கக் கொடுக்கும் ஜென்டாமைசின், வான்கோமைசின் போன்ற மருந்துகளே சிறுநீரகத்தை நலிவிப்பது மூன்றாவது. சிறுநீரகம் முன்னரே தளர்ந்தவருக்குக் கருவியில் தொற்று உண்டாகும் வாய்ப்பும் அதிகம். ஆக, ஒரு கேடு மற்றொன்றை வளர்க்கிறது.

நோயின் மூலத்தை நீக்காமல் சிறுநீரகத்துக்கு மட்டும் வைத்தியம் செய்வது பயனற்றது என்பது புதிதாகக் கண்ட உண்மையன்று. மூளையில் நீர் கோத்த குழந்தைகளுக்கு அந்நீரை இருதயத்தின் மேலறைக்குக் கொண்டு சேர்க்கும் குழாய் வைப்பதுண்டு. அக்குழாயில் கிருமி தொற்றியபோது சிறுநீரகம் கெடுவதை 1965-ஆம் ஆண்டிலேயே ஆங்கில வைத்தியர்கள் எடுத்துக் காட்டினர். குழாயை அகற்றிய பிறகு சிறுநீரகம் தேறியதும் உண்டு. பேஸ்மேக்கருக்கும் இந்நியாயமே பொருந்தும். தொற்று உறுதிப்பட்டால் பெட்டியையும் கம்பிகளையும் முழுவதும் எடுத்துவிடுவதே வழி என்பது வைத்திய உலகத்தின் ஒருமித்த முடிவு. தாமதம் உயிரிழப்பைப் பெருக்குகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்நோயாளிகள் சிலருடைய ரத்தத்தில், உடல் தன்னைத் தானே தாக்கும் வியாதிகளில் காணப்படும் எதிர்ப்பொருள்களும் காணப்படுகின்றன. அதை நம்பி உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளைப் பெருமளவில் கொடுத்தால், மறைந்திருக்கும் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். ஆகவே அத்தகைய மருந்தைத் தொடங்குமுன் ரத்தத்தில் கிருமி உண்டா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையும், இருதயத்தின் எக்கோ பரிசோதனையும் கருவி பெற்றவருக்கு இன்றியமையாதவை.

அப்பரிசோதனையைக் கெடுப்பது நமது ஜனங்களின் ஒரு வழக்கம். காய்ச்சல் கண்டதும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆண்டிபயாட்டிக் மாத்திரையை மூன்று நாள் விழுங்குகிறார்கள். கிருமி சாவதில்லை, தலைமறைவாகிறது. பிறகு ரத்தத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரிவதில்லை. வைத்தியர் சீட்டின்றி முக்கியமான ஆண்டிபயாட்டிக்குகளை விற்கலாகாது என்னும் 'எச்1' விதி 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்து என்ன பயன்? வாங்குவோர் கேளாமலும் விற்போர் கொடாமலும் இருந்தால்தான் அதற்கு உயிர் வரும்.

இருதயத்தில் கருவி உடையவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சில குறிகளை மனத்தில் இருத்த வேண்டும். காரணமின்றிச் சில நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம். பெட்டி இருக்கும் இடத்தில் சிவப்பு, வீக்கம், வலி, நீர்க் கசிவு. கால் அல்லது முகம் வீங்குதல். சிறுநீர் தேநீர் நிறமாகவோ மிகுந்த நுரையுடனோ போதல். இவற்றுள் எது கண்டாலும் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டிய சொல், "எனக்கு இருதயத்தில் கருவி உண்டு" என்பதே. ஊசி கொண்டு பெட்டியின் மேல் குத்தி நீர் எடுக்கவோ, மஞ்சளும் களிம்பும் தடவிக் காத்திருக்கவோ கூடாது. சிறுநீர்ப் பரிசோதனை சொற்பச் செலவில் முடிவது. அதைத் தள்ளிப் போட்டு டயாலிஸிஸ் இயந்திரத்தைத் தேடி அலைவது பெருஞ்செலவு.

இனிச் சர்க்காரின் கடமை. பொருத்துவதற்கு ஏற்பாடு செய்வோர் அகற்றுவதற்கும் ஏற்பாடு செய்தல் வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஆன கம்பி ரத்தக் குழாயின் சுவரோடு ஒட்டிப்போகிறது. அதை எடுக்கத் தனிப் பயிற்சியும், அவசரத்துக்கு மார்பைத் திறக்கவல்ல ரண வைத்தியரும் தேவை. தமிழறிஞர் கி. ஆ. பெ. விசுவநாதம் அவர்களின் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த நமது மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வரும் உழவரும் தொழிலாளியும் இச்சிகிச்சையை இம்மாவட்டத்திலேயே பெறத்தக்க நிலை வேண்டும். அகற்றும் செலவையும், பின்னர் வைக்கும் புதுக் கருவியின் செலவையும் அரசாங்கக் காப்பீடு தயக்கமின்றி ஏற்க வேண்டும். கருவி பெற்ற ஒவ்வொருவரிடமும் அதன் விவரமும் மேற்சொன்ன குறிகளும் அடங்கிய சீட்டு தமிழில் இருக்க வேண்டும். கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவு செய்ய 2015-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரிகள் தம் பெயருக்கு அஞ்சி மறைக்காமல் அதற்கு எழுதினாலன்றி நாட்டுக்கு உண்மை தெரியாது.

வார்டு தோறும் கூட்டம் கூட்டும் தொண்டர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. வோட்டுக்காக ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறுகிறீர்கள். அவ்வீட்டில் கருவி தாங்கிய முதியவர் ஒருவர் இருப்பாராயின் அவருடைய சீட்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். சட்டசபையில் மேற்கண்ட கோரிக்கைகளை எழுப்பும்படி உங்கள் பிரதிநிதிகளை வற்புறுத்துங்கள். உயிர் காக்க வைத்த கருவியினாலேயே ஒருவர் உயிர் மெல்ல மாய்வதை, தடுக்கும் வழி தெரிந்தும் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சமூகத்துக்கு அழகன்று.