நடந்தால் ஏன் எழுத்து வருகிறது?

வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வரியும் நகராது. தெருமுனைவரை போய்வந்தால் தானாக வந்து விழும். ஏன்?

2014-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், சட்டைப் பொத்தானை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். பொம்மைக்குக் கண், குட்டி வடிகட்டி, வழி தவறாமலிருக்கப் போட்டுக்கொண்டே போகும் அடையாளம் என்றெல்லாம் பதில்கள். நடந்தவர்களுக்கே புது யோசனைகள் கூடுதலாக வந்தன. காற்றும் மரமும்தான் காரணமோ? இல்லை. வெற்றுச் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் கிடைத்தது. உட்கார்ந்த பின்பும் சற்று நீடித்தது. நடை கவனத்தின் பிடியைத் தளர்த்த, தொடர்பில்லாத நினைவுகள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன என்பது ஒரு விளக்கம்.

ஒரே விடையுள்ள புதிர்களில் மட்டும் நடந்தவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். ஆகவே, எழுதியதைத் திருத்த நாற்காலிதான் சரி.