காவிரி எந்தப் பக்கம் ஓடுகிறது?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நின்று தெற்கே பாருங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சி மலைக்கோட்டை தெரியும். தண்ணீர் உங்கள் வலக்கைப் பக்கமிருந்து இடக்கைப் பக்கமாகப் போகும். காவிரி மேற்கே இருந்து கிழக்கே ஓடுகிறது அல்லவா, அதனால்தான்.

இந்தப் படிகளில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு கார்ட்டூன் தொடர் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காட்சியில் தண்ணீர் வலமிருந்து இடமாகப் போகிறது. அடுத்த காட்சியில் இடமிருந்து வலமாகப் போனால்? கண் இமைப்பதற்குள் நாலு பேரும் திருச்சிக் கரைக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தமாகிவிடும்! காட்சிக்குக் காட்சி எல்லாம் பொருந்தி வருவதைத்தான் சினிமாக்காரர்கள் கன்டினியூட்டி என்கிறார்கள்.

நிழலையும் கவனிக்க வேண்டும். காலைக் காட்சி என்றால் வெயில் இடப்பக்கமிருந்து வரும், நிழல் வலப்பக்கம் சாயும். சாயங்காலம் அப்படியே மாறிவிடும். மாதமும் முக்கியம். ஆடிப்பெருக்கு என்றால் ஆறு நிறைந்து ஓட வேண்டும், படியில் காதோலை கருகமணி கிடக்க வேண்டும். சித்திரை வெயிலில் அதே இடத்தில் மணல்தான் தெரியும்.

வருஷம்கூடப் பின்னணியில் ஒளிந்திருக்கிறது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு இப்போது 13 நிலை, 236 அடி உயரம். ஆனால் அது முழுமையடைந்து குடமுழுக்கு நடந்தது 1987இல்தான். அதற்குமுன் பல தலைமுறைகள் பார்த்தது அடிப்பகுதி மட்டும் நின்ற மொட்டைக் கோபுரத்தை. கதை 1970இல் நடந்தால், முழுக் கோபுரத்தை வரைவது தப்பு.

கார்ட்டூனில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் கோபுரத்தைத் திரும்ப வரைய முடியுமா? 1914இல் அமெரிக்கர் ஏர்ல் ஹர்ட் இதற்கு ஒரு வழிக்குக் காப்புரிமை கேட்டார். பின்னணியை ஒரே தடவை வரைந்துகொண்டு, அசைகிற உருவங்களை மட்டும் கண்ணாடிபோன்ற தாளில் வரைந்து அதன்மேல் வைப்பதுதான் அது. பின்னணியைச் சாயம் குழைத்து நிதானமாகத் தீட்டுவார்கள். மேல் தாளில் ஒரே நிறமாக அப்புவார்கள். அதனால் பழைய கார்ட்டூனில் ஒரு கதவு மட்டும் பளிச்சென்று தெரிந்தால், அதுதான் திறக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். 1969இல் தொடங்கிய ‘ஸ்கூபி டூ’ தொடரை எப்போதாவது பார்த்தால் சோதித்துப் பாருங்கள். பிள்ளைகள் ஓடும்போது அதே ஜன்னல் திரும்பத் திரும்ப வருவதையும் பிடித்துவிடலாம்.

நிறையப் பேர் பின்னணியில் நடப்பதைக் கவனிப்பதில்லை. ஏன்? கையை நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவு இடத்தைத்தான் கண் ஒரு சமயத்தில் மிகத் துல்லியமாகப் பார்க்கிறது. மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கல்தான்; மூளை நிரப்பிக்கொள்கிறது. டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்ற இருவர் 1998இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருவர் வழி கேட்பார். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு நடுவே நுழைந்து போவார்கள். அந்த மறைவில் வழி கேட்டவரே மாறிவிடுவார்! வழி சொன்னவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை.

ஆனால் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தினமும் அம்மா மண்டபப் படியில் காலை நனைத்த பிள்ளை, ஆறு திரும்பி ஓடினால் சும்மா இருக்குமா? நீங்கள் அம்மா மண்டபத்தை வரைந்தால், மலைக்கோட்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீரில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டுவிடுங்கள்.